பழைய ஊர்தியும் மாற்று இயந்திரமும்

மாணவர்க்கு ஆகுபெயர் கற்பிக்குங்கால் ‘வெற்றிலை நட்டான்’ என்பதையே காலங்காலமாக எடுத்துக்காட்டி வருகிறோம். நம்மூர் வீதிகள் வேறோர் உதாரணமும் தருகின்றன. ‘ஒஸ்ரின் வருகிறது’, ‘மொறிஸ் நிற்கிறது’ என்கிறோமன்றோ? ஹேர்பேட் ஒஸ்ரின், வில்லியம் மொறிஸ் என்னும் இருவரின் பெயர்கள் அவர்தம் தொழிலகங்களுக்காகிப் பின்னர் ஊர்திகளுக்கும் ஆயின. இது கருத்தாவாகுபெயர். இனி, அவ்வூர்தியின் இயந்திரத்தைக் கழற்றி, வேறொருவர் ஆக்கியதைப் பொருத்தினால் மொறிஸ் என்னும் பெயர் நிற்குமோ? முதல் நிலைத்திருக்கச் சினை மாறிற்று என்பர் சிலர். இயந்திரமே உயிர், உயிர் போயபின் பெயரேது என்பர் வேறு சிலர்.

இது வீண் வினா அன்று. இலங்கையில் மொறிஸ் மைனர் வைத்திருப்போர் பலர் அதில் டற்சன் 1200 இயந்திரத்தைப் பொருத்தியுள்ளனர். வடபகுதியில் 1990 இன் பின் பெற்றோல் தடைப்பட்டபோது இவ்வூர்திகள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்த பழைய மாணவர் மறவார். சில துளி பெற்றோலாற் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பழைய ஆங்கில இயந்திரம் எரிபொருட் கலவையை மிகுதியாக அழுத்தாமையின் அது இயன்றது. ஆயினும் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும், தாங்கிகள் தேயும். உதிரிப்பாகமும் அரிதாயின் வேறு வழி யாது?

டற்சன் இயந்திரம் முற்றும் அந்நியமானதும் அன்று. டற்சனை ஆக்கிய நிசான் நிறுவனம் 1952 இல் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து, முதலில் ஏ40, பின்னர் ஏ50 ஊர்திகளை யப்பானிற் பொருத்திற்று. ஏ50 இன் இயந்திரத்தில் உருளையின் விட்டம் 73 மில்லிமீற்றர். பிஸ்ரன் செல்லுந் தூரம் ஏறத்தாழ 89. அமெரிக்கப் பொறியியலாளர் டொனால்ட் ஸ்ரோனின் அறிவுரைப்படி, விட்டத்தை மாற்றாது தூரத்தை மட்டும் 59 ஆகக் குறைத்து, 988 கன சென்ரிமீற்றர் இயந்திரமொன்றை 1957 இல் டற்சனில் அமைத்தனர். பிற்காலத்து 1200 இயந்திரம் வேறு வடிவினதாயினும் அதன் உருளை விட்டமும் 73 மில்லிமீற்றரே. மாணாக்கன் ஆசிரியன் வீட்டுக்கே உதவிக்கு வந்தான் எனலாம். அவ்வளவில் நாம் மகிழ்கிறோம்.

வேலையோ எளிதன்று. 948 கன சென்ரிமீற்றர் மொறிஸ் ஏறத்தாழ 37 பரிவலு தரும். டற்சன் 68 தரும். தாங்குகொளுவிகளைப் புதிதாகச் செய்தல் வேண்டும். கியர்ப்பெட்டி மாறின் பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் நீளமும் மாறும். றேடியேற்றர் போதுமோ எனப் பார்த்தல் வேண்டும். மொறிஸில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும், டற்சனிலோ எதிர்முனை. இதனை மறந்தவர் மின்னாக்கியை எரிப்பர். இவை யாவும் கராச்சில் உள்ளார் அறிந்தவையே. அவரும் சிலவேளை விடுவது பிறேக்கை. 37 பரிவலுவுக்கு அமைத்த 7 அங்குல முன்சில்லுப் பிறேக்கை வைத்துக்கொண்டு 68 பரிவலுவோடு காரைநகர் வீதியில் விரைபவர் தம்முயிரோடு பிறருயிரையும் பணயம் வைக்கிறார். 1962 இல் 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரம் இட்டபோது மொறிஸ் தொழிலகத்தாரே அதனை 8 அங்குலமாக்கினர். பிறேக்குக்குப் பணமில்லாதவர் இயந்திரத்தையும் மாற்றாதிருக்க.

பெயர் பற்றிய வழக்கைச் சட்டம் நன்னூலாரைப் போலவே தீர்த்து வைக்கிறது. ஊர்தியை அடையாளங் காட்டுவது சசி எண். இயந்திர எண் மாறின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவைத் திருத்திக் கொள்ளலாம். திருத்தாது விட்டால் விற்கும் நாளில் இடர்ப்படுவர். எனவே முதல் மொறிஸே, சினையே டற்சன்.

2020 இலிருந்து ஏறத்தாழ ஐந்தாண்டு கார் இறக்குமதி நின்றிருந்தமையாற் பழைய ஊர்திகளின் மதிப்பு உயர்ந்தது. கழற்றிய இயந்திரத்தை இரும்புக்காரருக்கு எடைபோட்டுக் கொடுக்கும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. உருளைகளில் எண்ணெய் விட்டு, வாய்களை அடைத்து, நிலத்தீரம் படாது பலகைமேல் வைப்பின், வெளிநாட்டிலிருந்து வரும் பேரன் ஒருநாள் அதனைத் தேடக்கூடும்.