கடலுக்காகப் பேசப் பழகும் பிள்ளைகள்

உங்கள் மகளோ மகனோ படிப்பை முடித்ததும், கடல்வாழ் உயிரினங்களைப் பாதுகாக்கும் நிறுவனமொன்றில் தொடர்பாடல் பயிலுநராகச் சேரப்போவதாகக் கூறினால் என்ன சொல்வீர்கள்? "ஆமையைப் பற்றி எழுதுவதும் ஒரு வேலையா?" என்று பெற்றார் பலர் கேட்பர். கொடுப்பனவு சொற்பம், சில இடங்களில் அதுவும் கிடையாது. ஆகவே கேள்வியில் நியாயம் உண்டு. எனினும் வேலை எத்தகையது என்று அறிந்தபின் தீர்மானிப்பது நன்று.

அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டு தந்தையை இழந்து, குடும்பப் பாரத்தைச் சுமந்த றேச்சல் கார்சன் என்னும் விலங்கியல் பட்டதாரிப் பெண், அரசின் மீன்வளப் பணியகத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தார். கடல் உயிரினங்களைப் பற்றிய 52 சிறு வானொலி நிகழ்ச்சிகளுக்கு உரை எழுதுவதே அவ்வேலை. விஞ்ஞானம் தெரிந்தவர்க்கு எளிமையாக எழுத வராது. எழுதத் தெரிந்தவர்க்கு விஞ்ஞானம் தெரியாது. இரண்டும் கைவரப்பெற்ற அவர் 1936இல் நிரந்தர நியமனம் பெற்றார். 1951இல் அவர் வெளியிட்ட கடல் பற்றிய நூலை இலட்சக்கணக்கானோர் வாசித்தனர். பூச்சிகொல்லிகளின் கேட்டை உலகுக்கு உணர்த்திய 1962ஆம் ஆண்டு நூலும் அவருடையதே. தொடக்கம் அந்த வானொலி உரைகள்தாம்.

எமது கரைக்கு வருவோம். மன்னார்க் கடலில் வாழும் ஆவுளியாவைச் சிலர் கடற்பன்றி என்பர். அது மீனன்று, குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. கடற்புல்லை மேய்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வரும். வலையில் சிக்கினால் மூச்சுத் திணறி மாண்டுபோகும். ஒரு தடவையில் ஒரு குட்டிதான். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே ஆண்டுக்குச் சில இறந்தாலும் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

"கொல்லாதே, தண்டனை உண்டு" என்று சுவரொட்டி அச்சிடுவது எளிது. ஆனால் திருக்கை வலையில் உயிரோடு ஆவுளியாவைக் கண்ட தொழிலாளி அவ்வேளையில் நினைப்பது வேறு. வலையை அறுத்தால் நட்டம் யாருக்கு? செத்துக் கிடந்ததைச் சொன்னால் தன்னையே பிடிப்பார்களோ? இந்த அச்சம் தீராதவரை அவர் வாய் திறக்கமாட்டார். விலங்கும் இரகசியமாக இறைச்சியாகிவிடும். எனவே நல்ல பயிலுநர் முதலில் வாடிக்குப் போய்ச் செவிமடுப்பார். சம்மாட்டியின் கணக்கையும் கேட்பார். அதன் பின்னரே எழுதுவார்; கேட்டதை அதிகாரிகளிடமும் எடுத்துச் சொல்வார். இப்பின்பகுதியைப் பல நிறுவனங்கள் மறந்துவிடுகின்றன என்பது என் எண்ணம்.

2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியதும், பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் குவிந்தன. இறந்த ஆமைகளும் ஒதுங்கின. மீன் உண்ண மக்கள் அஞ்சியதால் தொழிலாளர் குடும்பங்கள் வருந்தின. அத்தகைய நாளில் அறிந்தது எது, இன்னும் ஆராயப்படுவது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் ஊருக்கு எவ்வளவு தேவை! திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கடல்களையும் பவளப் பாறைகளையும் தனியே குறித்துக் கவலைப்பட்டதும் இங்கு நினைக்கத்தக்கது.

பிள்ளை சேருமுன் பெற்றார் சிலவற்றை விசாரிக்கட்டும். எழுத்தைத் திருத்தித் தர அனுபவசாலி ஒருவர் அங்கு உள்ளாரா? கரைக்குக் கூட்டிச் செல்வார்களா, அன்றிக் கணினி முன் இருத்திவைத்துப் படங்களை மட்டும் பரப்பச் சொல்வார்களா? தமிழில் எழுத இடமுண்டா? படம் பரப்புவதிலும் கட்டுப்பாடு வேண்டும். முட்டையிடும் ஆமைமீது ஒளி பாய்ச்சினால் அது முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். கூடு இருக்கும் இடம் தெரியும்படி படம் வெளியானால், முட்டை திருடுவோர்க்கு வேறு வழிகாட்டி வேண்டியதில்லை.