அந்தச் சத்தத்தை முதலில் நம்பு

அன்பு அம்மணிக்கு,

மாமா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன். என்ஜின் இரைச்சலுக்கு மேலே விடாமல் கத்தும் பஸ்ஸர், நடுவில் உன் தோழி, "அந்த வயரைப் பிடுங்கிவிட்டால் என்ன?" என்று கேட்கிறாள். இதற்குப் போனில் பதில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வயரைப் பிடுங்காதீர்கள். வண்டியை இப்போது நிற்கும் இடத்திலிருந்து நகர்த்தவும் வேண்டாம்.

நீங்கள் நாலு பேரும் காசு போட்டு வாங்கியிருப்பது 1987 மாடல் ஃபோக்ஸ்வாகன் டி3. நீ படிக்கிற ஹனோவரிலேயே செய்த வண்டி. 1979இல் டி3 வந்தபோது அதில் இருந்தது காற்றால் குளிரும் என்ஜின். ஆயில் பிரஷருக்கு ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். தண்ணீரால் குளிரும் என்ஜின் பிறகு வந்தது. 1986 மாடலிலிருந்து சுவிட்ச் இரண்டாகி, கூடவே பஸ்ஸரும் சேர்ந்தது. உங்கள் வண்டி இந்தப் பிந்தைய வகை.

இரண்டு சுவிட்ச் எதற்கு என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. என்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. நடுவில் மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. அதன் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. பம்ப் தள்ளும் பிரஷர் குறைந்தால் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசும். மெதுவாக ஓடும்போது கொஞ்சம் பிரஷர் போதும். வேகமாகச் சுற்றும்போது நிறைய வேண்டும். அதனால்தான் ஒரு சுவிட்ச் 0.3 பாரிலும் இன்னொன்று 0.9 பாரிலும் வேலை செய்கிறது. முதலாவது விளக்குக்கு. இரண்டாவதை, மீட்டர் பலகைக்குப் பின்னால் இருக்கும் சின்ன சர்க்யூட் கவனிக்கிறது. என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றைத் தாண்டிய பிறகும் அந்தச் சுவிட்ச் மூடவில்லை என்றால் பஸ்ஸரை அலற விடுகிறது.

இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பதை மறந்துவிடாதே. 0.3 சுவிட்ச் என்ஜின் நிற்கும்போது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், பிரஷர் வந்ததும் விட்டுவிடும். 0.9 சுவிட்ச் பிரஷர் வந்த பிறகுதான் எர்த்தைத் தொடும். ஆகவே 0.9 சுவிட்சின் வயர் அறுந்தால் பஸ்ஸர் பொய்யாகக் கத்தும், 0.3 சுவிட்சின் வயர் அறுந்தால் விளக்கு பொய்யாக மௌனமாக இருக்கும். பின்னதுதான் ஆபத்து. இனி எப்போது சாவியைத் திருப்பினாலும், ஸ்டார்ட் செய்வதற்கு முன் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்று பார். மினுக்காவிட்டால் கிளம்பாதே.

இன்னொன்று. இந்த என்ஜினில் ஆயில் 80 டிகிரி சூட்டில், 2000 சுற்றில், குறைந்தது 2 பார் பிரஷர் இருக்க வேண்டும். பஸ்ஸர் கத்துவது அது 0.9 பார் அளவுக்கு இறங்கிய பிறகுதான். இது முன்கூட்டியே வரும் எச்சரிக்கை அல்ல அம்மணி. உண்மையாகக் கத்துகிறது என்றால் ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

இது எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிக்கு வந்த இரண்டாவது வருடம், நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு குடும்பம் இதே மாதிரி வண்டியோடு வந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகள், இத்தாலிக்கு விடுமுறைப் பயணம். பஸ்ஸர் கத்துகிறது என்றார்கள். சுவிட்ச்தான் போயிருக்கும் என்று பார்க்காமலே முடிவு செய்தேன். புது சுவிட்ச் கையிருப்பில் இல்லை. 0.9 சுவிட்சின் வயரைக் கழற்றி, நேராக என்ஜின் உடம்பில் எர்த் கொடுத்து முறுக்கிவிட்டேன். சத்தம் நின்றது. அவர்களும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பிரென்னர் கணவாய் ஏற்றத்தில் பேரிங் உருகி, வண்டி லாரியில் ஏறித் திரும்பி வந்தது. அவர்கள் என்னைத் திட்டவில்லை. அந்த அம்மா பிள்ளைகளின் போர்வைகளை வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இனி நீ செய்ய வேண்டியது. வண்டி நிற்கும் இடம் சமதரைதானா என்று பார்த்துக்கொண்டு, பின்பக்க நம்பர் பலகையைக் கீழே மடக்கு. ஆயில் அளவுக் குச்சி அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. அளவைப் பார், பிறகு குச்சியை மூக்கருகில் வை. பெட்ரோல் வாடை அடித்தால், எரிபொருள் கலந்து ஆயில் நீர்த்துவிட்டது. அப்போது ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, பெட்ரோல் எங்கிருந்து இறங்குகிறது என்றும் தேட வேண்டும்.

அடுத்தது பிரஷர் மீட்டர். பல்கலைக்கழக ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் கொடுப்பார்கள், இல்லையென்றால் வாங்கிவிடு. ஒரு என்ஜினின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கடையில் கேட்கும்போது 10 மில்லிமீட்டர் மரை, 1 மில்லிமீட்டர் பிட்ச் என்று சொல். 0.9 சுவிட்ச் என்ஜினின் பின்முகத்தில், பெல்ட் ஓடும் புல்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது. என்ஜின் ஆறியிருக்கும்போது அதைக் கழற்றி, அந்தத் துளையில் மீட்டரைப் பொருத்து. துப்பட்டாவையும் தலைமுடியையும் நன்றாகக் கட்டிக்கொள். ஸ்டார்ட் செய்ததும் முள் எழவில்லை என்றால் அந்த நொடியே அணைத்துவிடு. எழுந்தால், நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றும்வரை பொறுத்திரு. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த என்ஜினிலும் முள்ளைத் தூக்கிக் காட்டும், அதை நம்பிவிடாதே. சூடேறிய பிறகு காட்டுவதுதான் கணக்கு.

சூட்டில், 2000 சுற்றில், 2 பாருக்கு மேல் நின்றால் என்ஜினுக்குக் குறையில்லை; பழுது மின்சாரத்தில். அப்போது மட்டும், சோதனைக்காக, நான் அன்று செய்ததைச் செய்து பார்க்கலாம். மீட்டர் அங்கேயே இருக்கட்டும். சுவிட்சிலிருந்து கழற்றிய வயரின் நுனியை என்ஜின் உடம்பில் தொடவைத்து, உன் தோழியை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல். பஸ்ஸர் அடங்கினால் வயரும் சர்க்யூட்டும் நன்றாக இருக்கின்றன, சுவிட்ச்தான் செத்திருக்கிறது. அடங்காவிட்டால், பின்னாலிருந்து முன்பக்கம்வரை ஓடும் அந்த வயர் எங்கோ அறுந்திருக்கலாம். இல்லையென்றால் கோளாறு மீட்டர் பலகைக்குப் பின்னால். அங்கே வயர்களுக்குப் பதிலாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும். இத்தனை வருடத்தில் அந்தத் தாள் மொரமொரத்துப் போயிருக்கும், பிளக்கை அவசரமாக இழுத்தால் கிழியும். பழுப்பு வயர்கள் எர்த். அவற்றின் முனைகளில் துரு இருந்தால் முதலில் அதைச் சுரண்டு. சோதனை முடிந்ததும் எர்த் கொடுத்த வயரை மறக்காமல் எடுத்துவிடு.

2 பாருக்குக் கீழே நின்றால் புது சுவிட்ச் வாங்கிப் பணத்தை வீணாக்காதே. சரியான கனத்தில் புது ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு மறுபடி அள. அப்போதும் ஏறவில்லை என்றால் பேரிங்கோ பம்போ தேய்ந்திருக்கிறது. என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை நான் நியூரம்பெர்க்கிலிருந்து ரயிலேறி வருகிறேன், சேர்ந்தே இறக்கலாம்.

அளந்ததும் எனக்கு இரண்டு எண்களை எழுதி அனுப்பு: என்ஜின் சூடான பிறகு, ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எவ்வளவு, 2000 சுற்றில் எவ்வளவு. அதைப் பார்க்கும்வரை வண்டியில் யாரும் எங்கும் போக வேண்டாம்.

உன் மாமா