ஆச்சரியப்பட்டது யார்? ஆச்சரியப்படுத்தியது எது?



சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் சீனாவிலிருந்து வந்த நண்பர்களோடு புராஜெக்ட் செய்வது சகஜம். கணக்கில் புலியாக இருக்கும் நண்பர், பிரசண்டேஷனில் "ஐ ஆம் வெரி சர்ப்ரைசிங்" என்பார். நாம 'கொல்'லுனு சிரிச்சிடுவோம். அடுத்த தடவை அவர் வாயே திறக்க மாட்டார். மார்க் குறைவது மொத்தக் குழுவுக்கும்தான்! சிரிக்கிறதை விட்டுட்டு, அது ஏன் அப்படி வருதுன்னு பார்ப்போம்.

1. சீன மொழியில்

மாண்டரினில் ஆச்சரியத்துக்கு 'ச்சு-ஜிங்' என்பார்கள். 'திடுக்கிடலைத் தின்பது' என்று நேர்ப்பொருள். (நாம 'உதை தின்னான்'னு சொல்றதில்லையா?) தின்பவர்தான் எழுவாய். "வோ ஹன் ச்சு-ஜிங்" என்றால் "நான் ரொம்ப ஆச்சரியம்". 'ஆம்' வேண்டாம், விகுதியும் வேண்டாம். செய்தி ஆச்சரியப்படுத்தியது என்று சொல்ல, 'ராங்' என்ற தனிச்சொல்லைச் சேர்ப்பார்கள்: "செய்தி ராங் என்னை ச்சு-ஜிங்". ('தப்பு' என்ற ஆங்கில ராங் அல்ல!)

2. ஆங்கிலத்தில்

'சர்ப்ரைஸ்' என்ற வினைக்குள்ளேயே 'ராங்' ஒளிந்திருக்கிறது. நமக்கு இது சுலபம். படு, படுத்து என்ற இரண்டையும் நினைவில் வையுங்கள்.

சர்ப்ரைஸ் – ஆச்சரியப்படுத்து
சர்ப்ரைஸ்டு – ஆச்சரியப்பட்ட
சர்ப்ரைசிங் – ஆச்சரியப்படுத்தும்

சீன நண்பருக்கு இப்படிச் சொல்லுங்க: "'ஆம்', 'வாஸ்' போன்றவற்றுக்குப் பின்னால், உன் வாக்கியத்தில் ராங் வந்தால் சர்ப்ரைசிங், வராவிட்டால் சர்ப்ரைஸ்டு." அவ்வளவுதான்!

3. கவனிக்க வேண்டியவை

அ. "ஆளுக்கு 'எட்', பொருளுக்கு 'இங்'" என்ற குறுக்குவழி வேண்டாம். பிறரை வியக்க வைக்கும் ஆளும் சர்ப்ரைசிங்தான்.

ஆ. சர்ப்ரைஸ்டுக்குப் பின் அட், பை, டு, தட் வரும்: "சர்ப்ரைஸ்டு அட் த நியூஸ்", "சர்ப்ரைஸ்டு டு ஹியர்".

இ. மாண்டரின் அசைகள் 'ட்' ஒலியில் முடிவதில்லை. அதனால் கடைசி ஒலி நண்பர் வாயில் நழுவிவிடும். பேசும்போது விட்டாலும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஈ. போர், கன்ஃப்யூஸ், எக்ஸைட் எல்லாம் இதே குடும்பம். "ஐ ஆம் போரிங்" என்றால் "நான் ஒரு அறுவை" என்று வாக்குமூலம் கொடுத்த மாதிரி! இதில் நம்மவர்களும் மாட்டிக்கொள்வது உண்டு.

4. பயிற்சி

நண்பரோடு சேர்ந்து நிரப்புங்கள்:
க. வி வேர் ____ அட் த மீட்டர் ரீடிங்.
உ. த ரீடிங் வாஸ் வெரி ____.
ங. த ரீடிங் ____ அஸ்.

விடை: க. சர்ப்ரைஸ்டு. உ. சர்ப்ரைசிங். ங. சர்ப்ரைஸ்டு. மூன்றாவதில் பலர் வழுக்குவார்கள். அது 'ஆச்சரியப்படுத்தியது' என்ற இறந்தகால வினை. முதலில் உள்ளது 'ஆச்சரியப்பட்ட'. உருவம் ஒன்று, வேலை வேறு.

அடுத்த பிரசண்டேஷனுக்கு முந்தின நாள், நண்பரோடு கேன்டீனில் பத்து நிமிஷம் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொடுங்கள். பதிலுக்கு அவர் உங்களுக்குக் கணக்கு சொல்லித் தருவார்!