பரண் ஒழிக்கும் பருவம்

புரட்டாசியில் பொன் உருகக் காய்ந்து மண் உருகப் பெய்யும் என்று நம் பெரியோர் சொல்லிவைத்த பழமொழியில், வீடு ஒழிப்பதற்கு உரிய காலம் எது என்ற உபதேசமும் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும். நான் வசிக்கும் சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் சுமார் 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும். அந்த ஈரக்காற்று வீட்டுக்குள் புகுந்த பிறகு எதை இறக்கினாலும் உலர்த்த வெயில் இராது. உலராமல் திரும்ப ஏற்றிய துணியும் காகிதமும் மார்கழி பிறப்பதற்குள் பூசணம் பூத்துவிடும். ஆகவே தீபாவளிக்கு முந்தின வாரத்தில் பட்சணத்துக்கும் துணிமணிக்கும் நடுவே அவசரமாகச் செய்யும் சுத்தத்தைக் காட்டிலும், பழையவற்றையெல்லாம் போகியன்று தெருவில் குவித்துக் கொளுத்தி ஊரார் மூச்சைத் திணறவைப்பதைக் காட்டிலும், புரட்டாசி வெயில் கைவசம் இருக்கும்போதே இந்தக் காரியத்தை முடித்துக்கொள்வது சிலாக்கியம் என்பது என் அனுபவம்.

அதிலும் மகாளய பட்சத்தின் நாட்களை நான் இதற்கென்றே ஒதுக்கிக்கொள்வது வழக்கம். பித்ருக்களை நினைக்கும் அந்தப் பட்சத்தில் எங்களைப் போன்ற பல குடும்பங்களில் புதிய வஸ்து எதையும் வாங்குவதில்லை. உள்ளே ஒன்றும் வராத நாட்களில், வெளியே அனுப்பவேண்டியவற்றில் மனம் தானாகவே செல்கிறது. மறைந்துபோனவர்களுடைய மூக்குக்கண்ணாடியோ வெற்றிலைப் பெட்டியோ கையில் தட்டுப்பட்டுச் சற்று நேரம் வேலை நின்றுபோனாலும், அந்த நாட்களில் அதைத் தடை என்று எண்ணத் தோன்றுவதில்லை. அமாவாசை கழிந்த மறுநாளே நவராத்திரி. கொலு வைக்கும் வீட்டில் பொம்மைப் பெட்டிகளுக்காக எப்படியும் பரண் ஏறியே ஆகவேண்டும். ஆகையால் எங்கள் வீட்டில் வேலை பரணிலிருந்தே ஆரம்பமாகும். மேலே உள்ள ஒட்டடையும் தூசியும் கீழேதான் விழும் என்பதால், கூடத்தைப் பெருக்கிய பிறகு பரணுக்குப் போகிறவர்கள் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய நேரிடும்.

ஏணியில் நின்றுகொண்டு எதைப் பற்றியும் தீர்மானம் செய்யலாகாது. எல்லாவற்றையும் தரையில் இறக்கிப் பரப்பி, நல்ல வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். பார்க்கும்போது, "இது என்றைக்காவது பிரயோசனப்படுமா?" என்று கேட்டுக்கொண்டால், "படும்" என்ற பதில்தான் எப்போதும் வரும், அந்தக் கேள்வியைக் கேட்டுக்கேட்டே நம் பரண்கள் நிறைந்திருக்கின்றன. "இது இப்பொழுது யாருக்கு வேண்டும்?" என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலான வஸ்துக்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்துவிடுகிறது: தவலையும் அண்டாவும் அன்னதானம் நடக்கும் கோயிலின் மடப்பள்ளிக்கு, தொட்டில் கம்பும் தூளிக் கொக்கியும் வரும் தை மாதத்தில் பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவரப் போகிற பக்கத்து வீட்டுக்கு. துணிகளைக் கொடுப்பதானால் துவைத்து, பொத்தான் தைத்து, பண்டிகைக்கு முன்பாகவே கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுடைய பெட்டியை அவர்கள் இல்லாத சமயத்தில் திறப்பது கூடவே கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். என் தாயாரின் அருகில் பெட்டியை வைத்துவிட்டு, "அம்மா, இந்தக் கூஜாவைக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்பேன். "இருக்கட்டும், கல்யாணத்துக்கு என் அத்தை கொடுத்தது" என்று அவர் சொன்னால் அது இருக்கவேண்டியதுதான். அப்படிச் சொன்ன சில நாட்களில் அவரே ஒரு பேத்தியைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்துவிடுவதும் உண்டு.

பட்டுப் புடவைகளை நேர்வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விரித்து, பழைய மடிப்பில் மடிக்காமல் மடிப்பை மாற்றி, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வைக்கவேண்டும். ஒரே மடிப்பில் கிடக்கும் சரிகை அந்த இடத்திலேயே ஒடியும். அந்துருண்டை சரிகையில் பட்டால் அது கறுத்துப்போகக்கூடும் என்பதால், நான் வசம்பைத் துணியில் முடிந்து வைக்கிறேன்.

மிகுந்த ஜாக்கிரதையும் நிதானமும் வேண்டுவது காகிதங்களை ஒழிக்கும்போதுதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அதைத்தான் பழைய பேப்பர்காரர் வாசலில் காத்திருக்கையில் செய்கிறோம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏட்டுச்சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓம அக்கினியில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டுத் தாம் அடைந்த வேதனையை டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். அந்தச் சுவடிகளில் என்ன இருந்ததென்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. இதற்கு மாறாக, விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் வேண்டாமென்று தள்ளிய பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த நூலகத்தில் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு காகிதத்தின் மதிப்பை அதை வைத்திருக்கும் நாமே அறிந்திருப்போம் என்று நம்பமுடியாது.

ஆகவே காகிதங்களை முதலில் படிக்காமல் பிரிக்கிறேன். படிக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும். பத்திரம், பட்டா, சான்றிதழ் ஆகியவை ஒரு கட்டு. கையால் எழுதியவை யாவும் ஒரு கட்டு. அச்சிட்டவை ஒரு கட்டு. ரசீதுகள் ஒரு கட்டு. ரசீதுகளில் வேண்டாதவற்றை அன்றே கிழித்துவிடலாம். இக்காலத்துக் கடைகள் கொடுக்கும் வழவழப்பான ரசீதுகளில் எழுத்து நாளடைவில் மங்கி மறைந்துபோகும் என்பதால், உத்தரவாதத்துக்கு வேண்டியவற்றை மட்டும் உடனே பிரதி எடுத்துக்கொள்ளவேண்டும். கையெழுத்துக் கட்டை ஒருநாளும் அந்தப் பட்சத்தில் தீர்மானிப்பதில்லை; அது அடைமழை நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பதற்கு. குண்டூசியையும் கம்பிப் பின்னையும் எடுத்துவிட்டு, கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாமல், பருத்தித் துணியில் தட்டையாகக் கட்டிவைத்தால் போதும். துரு காகிதத்தைத் தின்னும்; ஒட்டுநாடாவின் பசை பழுப்பேறி எழுத்தைக் கெடுக்கும்; பசைமாவைத் தேடி வரும் வெள்ளிப்பூச்சிக்கு அட்டைப்பெட்டியே விருந்து.

கொலு முடிந்து விஜயதசமிக்குப் பிறகு எல்லாம் மறுபடி மேலே ஏறும். மண் பொம்மையிலும் காகிதக் கூழ்ப் பொம்மையிலும் ஈரத்துணி படக்கூடாது. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி, பழைய வேஷ்டித் துண்டில் சுற்றி, இன்ன பெட்டியில் இன்ன பொம்மை என்று பெட்டியின் பக்கவாட்டில், கீழே நின்றே படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதிவிடவேண்டும். மூடியின் மேல் எழுதினால் பயனில்லை. மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஊறி உள்ளே ஈரம் கசியும் ஆகையால், பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் ஒரு சாண் இடைவெளி விட்டு, அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்து வைப்பது நல்லது.