மேடு தாண்டிய பிறகு

அன்புள்ள மருமகளே,

உன் அம்மா நேற்று ராத்திரி போனில் விவரம் சொன்னாள். பழைய கார் விற்கும் இடத்தில் ஒரே வண்டியை இரண்டு விதமாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாயாம். ஒன்று சாதாரண ஹூண்டாய் ஐ20. இன்னொன்று அதே ஐ20யின் 'என் லைன்' (N Line) என்ற ஸ்போர்ட் வகை. "ஒண்ணு மெத்தை மாதிரி போகுது, ஒண்ணு கட்டை மாதிரி இருக்கு, எது நல்லதுன்னு மாமாகிட்ட கேளும்மா" என்றாயாம். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. மெத்தை, கட்டை என்ற இந்த இரண்டு சொல்லை நம்பித்தான் பலர் தங்களுக்குப் பொருந்தாத வண்டியை வாங்கிவிடுகிறார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவிலுள்ள சஸ்பென்ஷனில் முக்கியமாக இரண்டு பொருள்கள் வேலை செய்கின்றன. ஒன்று ஸ்பிரிங். மற்றது ஷாக் அப்சார்பர். பட்டறையில் சுருக்கமாக 'ஷாக்' என்பார்கள். பெயரை வைத்து, அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான் என்று நினைத்துவிடாதே. பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும் அதன் குணம். தனியாக விட்டால், ஒரு மேடு ஏறி இறங்கிய வண்டி அடுத்த தெரு வரை ஊஞ்சலாடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், அதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகள். துளை வழியே எண்ணெய் பிதுங்கும்போது ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறித் தீர்ந்துபோகிறது. வண்டி எவ்வளவு அமுங்கும் என்பது பெரும்பாலும் ஸ்பிரிங்கின் கையில்; எத்தனை தடவை ஆடும் என்பது ஷாக்கின் கையில்.

மேட்டில் ஏறும்போது எவ்வளவு அடித்தது என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். மேடு தாண்டிய பிறகு வண்டி எத்தனை நேரத்தில் அடங்கியது என்று நீ பார். ஸ்போர்ட், கம்ஃபர்ட் இரண்டையும் அங்கேதான் பிரித்தறிய முடியும்.

கொஞ்சம் கணக்கும் சொல்கிறேன். சொகுசுக்காக அமைத்த கார், ஒரு நொடிக்கு 1 முதல் 1.3 தடவை வரை ஆடும் இயல்புள்ளது. ஏறக்குறைய நிதானமாக நடக்கும் நடையின் தாளம் அது. உடம்பு அதற்குப் பழகியிருக்கிறது. ஸ்போர்ட்டாக அமைத்த கார் 1.5 முதல் 2 தடவை வரை போகும். சின்ன வித்தியாசமாகத் தெரிகிறதா? ஆட்டத்தை இரண்டு மடங்கு வேகமாக்க ஸ்பிரிங்கை நான்கு மடங்கு கெட்டியாக்க வேண்டும். நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான அதிர்வுதான் உட்கார்ந்திருக்கும் மனிதரின் வயிற்றையும் முதுகையும் அதிகம் வருத்துவது. கெட்டி ஸ்பிரிங்கும் சுவர் உயரம் குறைந்த டயரும் அந்த அதிர்வைச் சரியாக வடிகட்டுவதில்லை. எதிர்ப்பக்கத்தில், நொடிக்கு அரைத் தடவைக்கும் கீழே மெதுவாக அலைந்தால் சிலருக்குக் குமட்டும்.

இதில் வேகமும் சேர்ந்துகொள்கிறது. 30 கிலோமீட்டரில் கட்டையாகத் தோன்றும் வண்டி 90இல் அமைதியாகிவிடும். 30இல் மெத்தையாக இருந்தது 90இல் மேம்பாலத்து ஏற்ற இறக்கத்தில் படகுபோல் மிதக்கும். ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓசூரிலிருந்து சேலம் வந்து இறங்கும்போது தோள் வலிக்கிறது என்று போன தீபாவளிக்குச் சொன்னாயே, நினைவிருக்கிறதா? அன்று நீ வந்த அந்த வாடகைக் கார் மிக மென்மையான கார்.

ஸ்போர்ட் என்றால் கெட்டி என்பதும் முழு உண்மையில்லை. லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் மென்மையான ஸ்பிரிங்கையும் நல்ல கட்டுப்பாடுள்ள ஷாக்கையும் சேர்த்துக் கார் அமைத்தவர். 1962இல் வந்த அவருடைய இலான் கார் வளைவுகளில் எவ்வளவு துல்லியமோ, மோசமான சாலையில் அவ்வளவு இணக்கம். வண்டியின் எடையை மிகவும் குறைத்ததால்தான் அவரால் அது முடிந்தது. எதிர்முனையில் 1948இல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த சிட்ரன் 2சிவி. உழுத வயலைக் கடக்கும்போது கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது என்பது அதை வடிவமைத்தவர்களுக்கு இட்ட கட்டளை. வளைவில் அது படுத்தே போகும், ஆனால் சாலையை விடாது. அதே சிட்ரனின் கார்கள் இப்போது நம் திருவள்ளூர் ஆலையில் உருவாகின்றன.

இனி உன் வண்டிக்கு வருகிறேன். ஐ20யும் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலையில் செய்ததுதான். என் லைன் 2021இல் வந்தது. சஸ்பென்ஷனைக் கெட்டிப்படுத்தி, ஸ்டியரிங்குக்குக் கனம் கூட்டி, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். பேட்ஜை நம்பாதே, ஸ்டிக்கர் கடையில் எந்தப் பேட்ஜும் கிடைக்கும். ஆர்சி புத்தகத்தில் மாடல் பெயரைப் பார், பின்சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே டிஸ்க் தெரிகிறதா என்று குனிந்து பார். வேறு கம்பெனி வண்டிகளுக்கும் இப்படி அடையாளங்கள் உண்டு. ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எந்த சஸ்பென்ஷன் என்பதற்கான குறியீடு அதில் இருக்கும். சுருள் ஸ்பிரிங்கில் பூசிய வண்ணப் புள்ளிகளும் வகையைச் சொல்பவை. உயரத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதே.

டயரையும் படிக்கக் கற்றுக்கொள். 185/65 ஆர்15 என்றால் ரப்பர்ச் சுவரின் உயரம் சுமார் 120 மில்லிமீட்டர். 195/55 ஆர்16 என்றால் 107. அந்த 13 மில்லிமீட்டர் குறைந்தாலே கூர்மையான குழியின் அடி கூடும். பெரிய அலாய் வீல் மாட்டிய சாதாரண கார் ஸ்போர்ட் போல வேஷம் கட்டும். டயரில் காற்று அதிகமாக இருந்தாலும் அப்படித்தான். ஓட்டிப் பார்க்கும் முன் நான்கு டயரையும் கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டு வரச் சொல். இல்லையென்றால் நீ பரிசோதிப்பது காற்றைத்தான், சஸ்பென்ஷனை அல்ல.

இன்னொரு வேஷம் ஆபத்தானது. ஷாக் செத்துப்போன வண்டியும் மெத்தையாகத்தான் இருக்கும். பானெட்டின் ஓரத்தைக் கையால் அழுத்திவிட்டுப் பார்: மேலே வந்து அடங்கிவிட்டால் நல்லது, இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் போய்விட்டது. ஷாக்கின் உடலில் எண்ணெய் கசிந்து தூசி பிடித்திருந்தாலும் அதே அர்த்தம். ஆனால் இந்தப் பரிசோதனை செத்ததைக் காட்டுமே தவிர, ஸ்போர்ட்டா கம்ஃபர்ட்டா என்று காட்டாது. அதற்குச் சாலைதான் வேண்டும்.

உன் பாட்டிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த வருஷம் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அப்போது என்னிடமிருந்த காருக்குக் குட்டையான ஸ்பிரிங் போட்டுத் தாழ்த்தியிருந்தேன். ஷாக்கை மாற்றவில்லை, காசு மிச்சம் என்று. தாழ்ந்த வண்டியில் ஷாக் போய்வர இடம் குறைந்துவிடும். கடைசியில் இருக்கும் ரப்பர்த் தடையில் போய் முட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து ஓமலூர் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் 'டொம்' என்று இடித்தது. பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவின் மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது என்பதை அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

ஓட்டிப் பார்க்கும்போது இப்படிச் செய். முதலில் பேட்ச் போட்ட தெருவில் 20 கிலோமீட்டரில் போ. முதுகில் வந்து சேரும் சின்ன அதிர்வுகளைக் கவனி. பிறகு தனி வேகத்தடை ஒன்று. இறங்கியதும் மனசுக்குள் எண்ணு. கம்ஃபர்ட் வண்டி மெல்ல எழுந்து, ஒரு தரம் தாழ்ந்து அடங்கும். ஸ்போர்ட் வண்டி அடித்துவிட்டு உடனே நின்றுவிடும். அதன் பிறகு ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்படி ஓட்டு. ஸ்போர்ட் வண்டிகளில் இடதையும் வலதையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் தடிமனாக இருப்பது வழக்கம். 20 மில்லிமீட்டர் கம்பியை 22 ஆக்கினாலே அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கெட்டியாகிவிடும். வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பது அதுதான்; ஆனால் ஒற்றைக் குழியில் தலையைப் பக்கவாட்டில் உலுக்குவதும் அதுதான்.

கடைசியாக நெடுஞ்சாலை. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். லாரிகள் பிரேக் பிடிக்காமல் வரும் இடம் அது. அதைத் தாண்டி ஓமலூர் பக்கம் நேர்ச்சாலையில் 80, 90இல் போய், பாலத்து இணைப்புகளில் வண்டி எப்படிப் பேசுகிறது என்று கேள். ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் நாலைந்து போதும், சாய்வு தெரிந்துவிடும். எவ்வளவு சாய்கிறது என்பதைவிட எவ்வளவு சட்டென்று சாய்கிறது என்று பார். மெதுவாகச் சாய்ந்து ஓர் இடத்தில் நிற்கும் வண்டியை நம்பலாம்.

பின்சீட்டில் உட்காராமல் எந்தக் காரையும் வாங்காதே. முன்சீட்டு இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருக்கிறது. பின்சீட்டு ஏறக்குறைய பின்சக்கரத்தின் மேலேயே. ரோல்ஸ் ராய்ஸில் இருந்துவிட்டு அமெரிக்காவின் காடிலாக்கில் சேர்ந்த மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் 1930களில் இதை ஆராய்ந்தார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் கணம் தாமதித்து ஏறுகிறது. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். வண்டி முன்னும் பின்னும் குத்தாமல் மட்டமாகப் போகும் என்று கண்டார். அதனால் பின்சீட்டுக்காரருக்கு ஆட்டம் சற்று கெட்டியாகவே இருக்கும். ஆளும் சாமானும் ஏறினால் நிலை மாறும்: எடை கூடக் கூட ஆட்டம் மெதுவாகும். காலியாக ஓட்டும்போது கட்டையாக இருந்த வண்டி நாலு பேர் ஏறியதும் இதமாகலாம், காலியில் இதமாக இருந்தது அடிவயிறு தரையில் படும் அளவுக்குத் தொய்யலாம்.

டாஷ்போர்டில் 'ஸ்போர்ட்' என்று பொத்தான் இருந்தால் மயங்காதே. விலை குறைந்த பல கார்களில் அது ஆக்சிலரேட்டரையும் ஸ்டியரிங்கையும்தான் மாற்றும். ஷாக்கையே மாற்றும் பொத்தான் தனி வகை. 2002ஆம் ஆண்டு மாடல் காடிலாக் செவில் காரில்தான் காந்தத்தால் கெட்டிப்படும் திரவம் நிரப்பிய ஷாக் முதலில் வந்தது. அங்கேயும் ஸ்பிரிங் மாறுவதில்லை.

என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்பாய். வாரம்தோறும் ஓசூர் சாலையில் தனியாக ஓட்டப்போகிறவள் நீ. வேகத்தில் அடங்கி நிற்கும் வண்டி உன்னைக் களைப்பின்றிக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதால் எனக்கு என் லைன் மேல் விருப்பம். ஆனால் ஊருக்குள் உன் அம்மாவைக் கோயிலுக்கும் கடைக்கும் கூட்டிப்போவதும் அதே வண்டிதான். அவள் இடுப்பு வலி எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன். டயர் சூடாவதற்கு முன் காற்றைப் பார்த்து வைக்கச் சொல். நீ ஓட்டு, நான் முன்னால் உட்காருகிறேன். அம்மா பின்சீட்டில் இருக்கட்டும். வழியில் எதுவும் கேட்காதே, திரும்பி வந்து காபி குடித்த பிறகு கேட்கலாம். வண்டி ஓடும்போது கேட்டால் உனக்குப் பிடித்ததைத்தான் அவள் சொல்வாள்.

அன்புடன்,
உன் தாய்மாமன்