அத்திக்காய்ப் பொரியல்: பறிப்பது முதல் தாளிப்பது வரை

மாலையாகக் கோத்து உலர்த்திக் கடையில் விற்கும் சீமை அத்தி வேறு. ஆற்றோரத்திலும் தோப்பிலும் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் நாட்டு அத்தி வேறு. நாட்டு அத்தியைப் பிஞ்சாகப் பறித்துக் கறி செய்தால்தான் அதன் அருமை தெரியும். இவ்வளவு நல்ல காய் கேட்பாரற்று உதிர்ந்து மிதிபடுவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

முதலில் மரம் சரிதானா என்று பாருங்கள். பேயத்தியும் அடிமரத்தில் காய்க்கும். அதன் இலைகள் எதிரெதிராக இருக்கும், தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். காயிலும் சுணை உண்டு. நாட்டு அத்தியின் இலை வழுவழுப்பு. ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி அமைந்திருக்கும்.

அடுத்தது பறிக்கும் பருவம். பாதிச் சமையல் இதில்தான் இருக்கிறது. அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே இருப்பவை. காயின் நுனித்துளை வழியே மிகச் சிறிய குளவி நுழைந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையும் இடும். குஞ்சுகள் உள்ளேயே வளரும். அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். எனவே பச்சையாக, கெட்டியாக, சிறியதாக இருக்கும் காயே வேண்டும். மரத்தடியிலேயே ஒன்றை நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெளிறி இருந்தால் அந்தக் கொத்தைப் பறிக்கலாம். பழுப்பேறியிருந்தாலோ பூச்சி தென்பட்டாலோ விட்டுவிடுங்கள்.

காம்பைக் கிள்ளியதும் பால் வடியும். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். கண்ணில் படவே கூடாது. கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் கத்தியே நல்லது, இரும்பில் காய் கறுத்துவிடும். அரை கிலோ காயைக் கழுவி, நுனியும் காம்பும் நீக்கி, நான்காகப் பிளந்து, உள்ளே இருக்கும் விதைப்பகுதியைச் சுரண்டிவிட்டு உடனே நீர்மோரில் போடுங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். பாலும் துவர்ப்பும் குறையும்.

பிறகு மோரை வடித்து, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துத் தண்ணீரில் வேகவிடுங்கள். நகம் இறங்கும் பதம் போதும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் குழையாமல், மலர வேகவைத்துத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். வாணலியில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, காயையும் பருப்பையும் போட்டுக் கிளறி, தேங்காய்த்துருவல் தூவி இறக்குங்கள். லேசான துவர்ப்பு மிச்சம் இருக்கும். அது இருந்தால்தான் அத்திக்காய். வத்தக்குழம்பு சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான தொடுகறி எனக்குத் தெரிந்து இல்லை.

அத்தி ஆண்டில் பல முறை காய்க்கும் மரம். கைக்கு எட்டிய கொத்துகளை மட்டும் பறியுங்கள். உயரத்தில் இருப்பவை குயிலுக்கும் மைனாவுக்கும் வௌவாலுக்கும் இரை. அவற்றைப் பறிப்பதற்காகக் கிளையை ஒடிக்காதீர்கள்.