பிள்ளையின் கன்னமும் மலையக வெயிலும்

ஜனவரியிலிருந்து மார்ச் வரை மலையகத்துச் சின்னப் பிள்ளைகளின் கன்னத்தைப் பார்த்தாலே பருவம் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் சிவந்து, சொரசொரத்து, சிரித்தால் எரிகிற அளவுக்குத் தோல் வெடித்திருக்கும். பனி என்று ஒரே சொல்லில் எல்லோரும் காரணம் சொல்லிவிடுவார்கள். பனியும் வறண்ட காற்றும் தோலின் ஈரத்தை உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் அதே கன்னத்தில் விழும் வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உயரம் 1,000 மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 வீதம் கூடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், அதுவும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். ஆகவே மேகமில்லாத நண்பகலில் கொழும்பில் விழுவதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான கதிர் இங்கே விழுகிறது. கொழும்பில் உடம்பு வியர்த்து, தானாகவே நிழலைத் தேடும். இங்கே குளிர் காற்று வீசுவதால் வெயில் இதமாகத் தோன்றும். குளிர் காய்வதற்கென்றே பிள்ளையை வெயிலில் உட்கார வைப்போம். மெல்லிய மேகமும் பனிமூட்டமும் இந்தக் கதிரை முழுதாகத் தடுப்பதுமில்லை.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு மலையகத்தில் ஒரு நாள் வெளியே போய்வர எண்ணுபவர்களுக்காக இந்தக் கட்டுரை. இதில் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான். பிள்ளையின் தோலுக்கு இயற்கைப் பராமரிப்பு என்றால் கொஞ்சம் எண்ணெய், உடம்பை மூடும் துணி, சரியான நேரம். மூலிகைப் பெயர் ஒட்டிய போத்தல் எதுவும் இந்த மூன்றின் இடத்துக்கு வராது. எங்கே போவது, எப்போது புறப்படுவது, எப்போது திரும்புவது எல்லாவற்றையும் இந்த மூன்றையும் வைத்தே முடிவு செய்யலாம்.

முதல் வேலை முந்தின வாரமே தொடங்குகிறது. வீட்டு அலமாரியில் பிள்ளைக்குப் பூசுவதற்கென்று இருப்பவற்றை எடுத்து வெளியே வையுங்கள். தேங்காயெண்ணெய் இருக்கட்டும். அது பாட்டி வைத்தியம் என்பதற்காக மட்டும் அல்ல. சோதித்துப் பார்க்கப்பட்ட பொருள் என்பதற்காக. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள பிள்ளைகள் 117 பேரை வைத்து எட்டு வாரம் நடந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. கனிம எண்ணெய் பூசியவர்களைவிடத் தூய தேங்காயெண்ணெய் பூசியவர்களின் தோல் அதிகம் தேறியிருந்தது. தேங்காயெண்ணெய் விற்கிற விலைக்கு இது கட்டுமா என்று கேட்கலாம். சின்ன உடம்புக்கு ஒரு தேக்கரண்டி தாராளம். மணமூட்டிய ஒரு சிறிய குழந்தை லோஷனின் விலையோடு ஒப்பிட்டால் எது மலிவு என்பது தெரியும். வாங்கும்போது வாசனை சேர்க்காத, சமையலுக்கு விற்கும் நல்ல எண்ணெயைப் பார்த்து வாங்குங்கள். தலைக்குத் தடவ மணம் போட்டு விற்பது வேண்டாம்.

மற்றவற்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. இயற்கையானது என்றால் தீங்கில்லாதது என்ற நம்பிக்கைதான் இங்கே அதிகம் சேதம் செய்கிறது. ஜப்பானில் ‘ச்சா நோ ஷிசுகு’ என்று ஒரு முகச் சவர்க்காரம் இருந்தது. தேயிலைத் துளி என்று பொருள். பச்சைத் தேயிலை சேர்ந்தது என்று சொல்லி விற்றார்கள். அதில் கலந்திருந்த கோதுமைப் புரதம் தோல் வழியாக உடம்புக்குள் போய், அதுவரை பாணும் நூடில்ஸும் சாதாரணமாகச் சாப்பிட்டவர்கள் 2,000 பேருக்கும் மேல் கோதுமை ஒவ்வாமையில் விழுந்தார்கள். 2011-இல் அது கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இங்கிலாந்தில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, அழற்சி கண்ட தோலில் கடலையெண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட குழந்தைகளுக்குப் பின்னாளில் நிலக்கடலை ஒவ்வாமை கூடுதலாக வந்ததைக் காட்டியது. இரண்டிலிருந்தும் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். வெடித்த தோல் பூட்டில்லாத கதவு. வாய் வழியாகப் போனால் உணவாகிற பொருள், வெடிப்பு வழியாகப் போனால் உடம்புக்குப் பகையாகத் தெரியலாம்.

பயற்றம்மாவும் பாலாடையும் பூசித்தானே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வளர்ந்தன என்ற கேள்வி நியாயமானது. நலமாக இருக்கும் தோலில் பயற்றம்மா தேய்த்துக் கழுவுவதற்கு நான் எதிரி அல்ல. சிவந்து வெடித்த கன்னத்தில், சொறிந்து புண்ணான முழங்கை மடிப்பில் எந்த உணவுப் பொருளையும் பூசாதீர்கள் என்பதே நான் சொல்வது. எலுமிச்சையை மட்டும் நலமான தோலிலும் தொடவிடக் கூடாது. அதன் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தீக்காயம் போலக் கொப்புளித்து, பிறகு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். கற்பூரம் கலந்த தைலங்களையும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பூச வேண்டாம். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரலாம்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது வெள்ளையாக்கும் கிரீம் பூசுகிறார்களா என்பதையும் இதே வாரத்தில் பாருங்கள். இந்தக் கிரீம்களில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. உடனே தோல் வெளுக்கும், சிறுநீரகம் பிறகு கெடும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை உலகம் முழுதும் இதைத் தடை செய்யப் பாடுபடுவது இதனால்தான். தாயின் கன்னத்தில் பூசியது தாயோடு நிற்காது. துவாயிலும் தலையணையிலும் ஒட்டி, முத்தம் கொடுக்கும் பிள்ளையின் உதட்டுக்கும் போய்ச் சேரும். பிள்ளை கறுத்துவிடும் என்ற பயம்தான் இந்த வியாபாரத்தின் முதலீடு. கருமை தோலின் சொந்தக் குடை. நாம் தடுக்கப் பார்ப்பது எரிவையும் வெடிப்பையும்தான். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது இடம். நடந்து களைக்கும் முன் நிழல் கிடைக்க வேண்டும், காலையிலேயே பார்த்து முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டு அளவுகோல்களையும் வைத்துப் பார்த்தால் ஹோட்டன் சமவெளி கழிந்துவிடும். 2,100 மீற்றருக்கு மேலே, உலக முடிவைச் சுற்றி வர ஒன்பது கிலோமீற்றர் அளவில் நடை, பெரும்பகுதி மரமில்லாத புல்வெளி. பிள்ளைக்கு எட்டு வயதாகும்வரை அது காத்திருக்கலாம். கிரகறி வாவியில் குதிரையும் படகும் உண்டு. ஆனால் கரையில் நிழல் குறைவு, தண்ணீரும் வெயிலைத் திருப்பி அடிக்கும். ஆகவே அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே வேண்டாம்.

நுவரெலியாப் பக்கம் இருப்பவர்களுக்கு என் தேர்வு ஹக்கலைத் தாவரவியல் பூங்கா. 1861-இல் அது தொடங்கப்பட்டதே ஓர் இயற்கை மருந்துக்காகத்தான். மலேரியாவுக்குக் கொய்னா தரும் சிங்கோனா மரத்தை இலங்கையில் வளர்த்துப் பார்க்க அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். அந்த மரப்பட்டையும் இயற்கைதான். அளவு மீறினால் காது அடைத்து, கண் மங்கி, இதயம் தடுமாறும். மரப் பன்னங்கள் குடை விரித்த பாதையில் மூன்று வயதுப் பிள்ளை வெயில் படாமல் நீண்ட நேரம் ஓடலாம். சுருண்டிருக்கும் பன்னக் குருத்தைக் காட்டினால் போதும், நத்தை என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கிவிடும். போகிற வழியிலேயே சீத்தாஎலியவில் சீதையம்மன் கோயில், பக்கத்தில் ஓடும் ஆறு. டவுனை விட்டுப் போக முடியாதவர்களுக்கு 1897-இல் மகாராணியின் வைரவிழா நினைவாகப் பெயர் பெற்ற விக்டோரியா பூங்கா இருக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். விளையாட்டிடம் உண்டு, பெரிய மரங்கள் உண்டு. ஏப்ரலில் மட்டும் வேண்டாம். சீசன் கூட்டத்தில் பெரியவர்களுக்கே மூச்சு முட்டும்.

ஹட்டன் பக்கத்தவர்கள் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினால் குளிரான காலை முழுதும் வளைவுகளிலேயே போய்விடும். அதைவிட ரயில். ஹட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்கும் கூடுதலான இருட்டு, பெட்டி முழுதும் பிள்ளைகளின் கூச்சல். பிறகு கொட்டகலை, தலவாக்கலை, வழியில் சென் கிளயர் அருவி. ரயில் பெட்டி என்பது நகரும் நிழல். அந்த வயதுக்கு இறங்கி நடப்பதைவிடப் பயணமே விளையாட்டு. மழை நாட்களில் மண்சரிவால் பாதை மூடப்படும் என்பதால் முந்தின நாள் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். கொழுந்து எடுக்கும் தாய்க்குக் கிடைப்பது ஒரு ஞாயிறு, அதிலும் உடுப்பு துவைக்க வேண்டும், சாமான் வாங்க வேண்டும். இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பார்கள். அதனால்தான் அரை நாள் போதும் என்கிறேன். ஏழு மணிக்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பும் பயணம் தோலுக்கும் நல்லது, வீட்டு வேலைக்கும் மிச்சம் வைக்கும். பங்குனி, சித்திரையில் பின்னேர மழையிலிருந்தும் தப்பலாம்.

புறப்படும் காலையில் குளிப்பாட்ட வேண்டாம். ஈரத் துணியால் முகம் துடைத்து, ஈரம் காயும் முன்பே இரண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, கன்னத்தில் அழுத்தாமல் ஒற்றுங்கள். உதட்டுக்கும் மூக்கின் கீழுக்கும் விரல் நுனியில் கொஞ்சம். உடம்போடு ஒட்டப் பருத்திச் சட்டை. அதன் மேல் சுவெட்டர். கம்பளி நேரே தோலில் உரசினால் அரிப்பு எடுக்கும். வெயில் ஏறி சுவெட்டரைக் கழற்றும்போது உள்ளே இருப்பது முழுக்கைச் சட்டையாக இருக்க வேண்டும் என்பது பலருக்கும் மறந்து போகும். தொப்பி குளிருக்குப் போடும் கம்பளிக் குல்லாவாக இருந்தால் காதுக்கு நல்லது, கன்னத்துக்குப் பயனில்லை. சுற்றிலும் விளிம்புள்ள துணித் தொப்பி ஒன்று பையில் இருக்கட்டும். ஒன்பது மணிக்கு மாற்றிவிடலாம்.

தேங்காயெண்ணெய் வெயிலையும் தடுக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நம்பத் தக்க அளவுக்குத் தடுக்காது. திறந்த வெளியில் நிற்கத்தான் வேண்டும் என்றால், ஆறு மாதம் கடந்த பிள்ளைக்குச் சிங்க் ஒக்சைட் உள்ள, மணமில்லாத வெயில் களிம்பை மூக்கிலும் கன்னத்திலும் புறங்கையிலும் பூசலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் துணியும் நிழலும் மட்டுமே. இப்படி மூடினால் வைட்டமின் டி கிடைக்காதே என்பவர்களுக்கு: அன்றாடம் லயத்து முற்றத்தில் விளையாடும் பிள்ளைக்கு மாதத்தில் ஒரு காலை தொப்பி போடுவதால் எதுவும் குறைந்துவிடாது. எங்கள் பிள்ளைகள் இந்த மலையிலேயே பிறந்து பழகியவை என்பவர்கள், பழகிய கன்னம்தானே ஒவ்வொரு தை மாதமும் வெடிக்கிறது என்பதை யோசிக்க வேண்டும்.

போன இடத்தில் கடிகாரம் தேவையில்லை, பிள்ளையின் நிழலைப் பாருங்கள். நிழல் பிள்ளையைவிட நீளமாக இருக்கும்வரை ஓடலாம். குட்டையானதும் மரத்தடிக்கு. தேயிலை மலை ஓரமாக நடந்தால் அண்மையில் மருந்து அடித்தார்களா என்று அங்கே வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். இலையைப் பறித்துக் கையில் தேய்த்து விளையாட விட வேண்டாம். உயர்ந்த மரங்களிலும் பாறை இடுக்குகளிலும் குளவிக் கூடு உண்டா என்று அண்ணாந்து பார்த்த பிறகே பாயை விரியுங்கள். மலையகத்தில் குளவிக் கொட்டு உயிரைக் குடித்திருக்கிறது. பல இடங்களில் கொட்டினாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ பச்சிலை தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு. அட்டை அப்படி ஆபத்தானதல்ல. நெருப்பும் உப்பும் வேண்டாம்; அதன் ஒல்லியான முனை ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைத் தோலோடு சாய்த்து நகர்த்தினால் வாய் விடும், பிறகு தடித்த முனையையும் அப்படியே விடுவித்துவிடலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும்.

வீடு திரும்பியதும் விறகடுப்பில் கொதித்த தண்ணீரை அப்படியே விளாவி ஊற்றாமல், முழங்கை வைத்துப் பார்த்து, இதமான சூட்டில் ஐந்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டுங்கள். சூடு கூடினால் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் போய்விடும். சவர்க்காரம் கை, கால், இடுக்குகளுக்கு மட்டும். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே உடம்பு முழுதும் எண்ணெய். அப்போதே விரலிடுக்கையும் மணிக்கட்டையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்து, இரவில் அரிப்பு கூடி, வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் அது பனி வெடிப்பாக இராது, சிரங்குப் பூச்சியாக இருக்கும். வேப்பிலை அரைத்துப் பூசி நாள் கடத்த வேண்டாம். வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டிய நோய் அது. அடுத்த நாள் காலை பெரட்டுக்குப் போகும் முன்பே தோட்ட டிஸ்பென்சரியில் பிள்ளையைக் காட்டிவிடுங்கள்.